சால்மன் மீன்களின் மரபியல்வழிப் பிறப்பிடம் அறிதல்

சால்மன் மீன்களின் மரபியல்வழிப் பிறப்பிடம் அறிதல் என்பது, ஆற்றிலோ கழிமுகத்திலோ கடலிலோ பிடிபடும் ஒரு சால்மன் மீன் எந்த ஆற்றில், எந்த இனக்கூட்டத்தில் பிறந்தது என்பதை அதன் டி.என்.ஏ.வைக் கொண்டு கண்டறியும் முறையாகும். பல ஆறுகளில் பிறந்த மீன்கள் ஒன்றாகக் கலந்து செல்லும் இடங்களில் இம்முறை பயன்படுத்தப்படுகிறது. வளர்ந்த மீன்களுக்கும் இது பயன்பட்டாலும், கடலை நோக்கி வலசை செல்லும் இளம் மீன்களுக்கே இதன் தேவை மிகுதியாகும். விரல் நீளமே உள்ள இவற்றில் அழியும் நிலையில் உள்ள கூட்டத்தைச் சேர்ந்தது எது, பொரிப்பகத்திலிருந்து கோடிக்கணக்கில் விடப்பட்டவற்றுள் ஒன்று எது என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல இயலாது. அதே வேளையில், ஆற்றில் எவ்வளவு நீர் விடுவது, நீரேற்று நிலையங்களை எப்போது நிறுத்துவது போன்ற முடிவுகள் இந்த வேறுபாட்டைச் சார்ந்துள்ளன.

வட அமெரிக்காவின் பசிபிக் கடற்கரைப் பகுதியில் இம்முறை முதலில் வளர்ந்தது. கலிபோர்னியாவின் சாக்ரமெண்டோ ஆற்றில் வாழும் சினூக் சால்மன் மீன்களின் குளிர்கால வருகைக் கூட்டம் இதற்கு நன்கு ஆராயப்பட்ட எடுத்துக்காட்டாகும்.

பின்னணி

சால்மன் மீன்கள் நன்னீரில் பிறந்து, கடலில் வளர்ந்து, மீண்டும் நன்னீருக்கு வந்து முட்டையிடுபவை. பெண் மீன் ஆற்றுப் படுகையின் கூழாங்கற்களை வாலால் அகற்றிக் குழி அமைத்து முட்டையிடும். முட்டையிலிருந்து வரும் குஞ்சுகள் தம் கருவுணவுப் பை தீரும்வரை கற்களுக்கிடையே தங்கி, பின்னர் மேலே வந்து இரை தேடத் தொடங்கும். சில மாதங்களோ ஓராண்டோ அதற்கு மேலோ ஆற்றில் வளர்ந்தபின் அவற்றின் உடலில் பெரும் மாற்றம் ஏற்படும். உடலின் பக்கவாட்டுப் பட்டைகள் மறைந்து செதில்கள் வெள்ளி நிறமாகும்; உவர்நீரில் வாழ்வதற்கேற்பச் செவுள்களும் சிறுநீரகங்களும் மாறும். இந்நிலையில் உள்ள இளம் மீன் ஸ்மோல்ட் எனப்படும். இதுவே ஆற்றோடு இறங்கிக் கடலை அடைகிறது.

கடலில் சில ஆண்டுகள் வளர்ந்த மீன்களுள் பெரும்பாலானவை தாம் பிறந்த ஆற்றுக்கே திரும்புகின்றன. இளமையில் பதிந்த நீரின் மணத்தைக் கொண்டு அவை ஆற்றை அடையாளம் காண்கின்றன என்ற கருத்தை விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆர்தர் ஹாஸ்லர், வாரன் விஸ்பி ஆகியோர் 1951ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பிறகு நடந்த சோதனைகள் இதனை உறுதிப்படுத்தின. ஒரு சிறு பகுதி மீன்கள் மட்டும் வழிதவறி வேறு ஆறுகளுக்குச் செல்லும்.

மரபியல் அடிப்படை

தாயக ஆற்றுக்கே திரும்பும் பழக்கத்தால் ஒவ்வோர் ஆற்றின் மீன்களும் பெரும்பாலும் தமக்குள்ளேயே இனப்பெருக்கம் செய்கின்றன. இவ்வாறு பல தலைமுறைகள் பிரிந்திருக்கும்போது கூட்டங்களுக்கிடையே மரபணு வேறுபாடுகள் சேர்கின்றன. ஒரு மரபணு இருக்கையில் காணப்படும் மாற்று வடிவங்களை எதிருருக்கள் என்பர். ஒரே எதிருரு ஓர் ஆற்றின் மீன்களில் அதிகமாகவும் மற்றோர் ஆற்றின் மீன்களில் அரிதாகவும் காணப்படலாம். இதற்கு முதன்மைக் காரணம் மரபணு நகர்வு ஆகும். அதாவது எந்தப் பெற்றோரின் குஞ்சுகள் பிழைக்கின்றன என்பது ஓரளவு தற்செயலானது என்பதால், எதிருருக்களின் விகிதம் தலைமுறைக்குத் தலைமுறை மாறுகிறது. கூட்டம் சிறியதாக இருந்தால் இம்மாற்றம் விரைவாக நிகழும்.

ஆகவே ஓர் ஆற்று மீனுக்கு மட்டுமே உரிய மரபணு என்று பெரும்பாலும் ஒன்றும் இல்லை. எல்லா ஆறுகளிலும் ஏறக்குறைய அதே எதிருருக்களே உள்ளன. அவற்றின் விகிதங்களே வேறுபடுகின்றன. அதனால் இம்முறை தரும் விடை எப்போதும் நிகழ்தகவாகவே இருக்கும். இதனைக் கைரேகை ஒப்பீட்டைப் போன்றது எனக் கருதுவது பொதுவாகக் காணப்படும் தவறாகும்.

முந்தைய முறைகள்

மரபியலுக்கு முன்பும் மீன்களின் பிறப்பிடத்தை அறிய முயற்சிகள் நடந்தன. செதில்களில் உள்ள வளர்ச்சி வளையங்களின் இடைவெளி ஆற்றுக்கு ஆறு வேறுபடுவதால் அது ஓர் அடையாளமாகக் கொள்ளப்பட்டது. வட பசிபிக்கில் பிடிபடும் சாக்கை சால்மன்கள் ஆசியாவைச் சேர்ந்தவையா அமெரிக்காவைச் சேர்ந்தவையா என்பது 1950களில் நாடுகளுக்கிடையே பெரும் கேள்வியாக இருந்தது. கனடிய அறிஞர் லியோ மார்கோலிஸ், நன்னீரில் மட்டுமே தொற்றும் ஒட்டுண்ணிப் புழுக்களைக் கொண்டு இதற்கு விடை தேடினார். ஒரு வகை நாடாப்புழு அலாஸ்காவின் பிரிஸ்டல் விரிகுடா ஆறுகளில் பிறந்த மீன்களிலும், ஒரு வகை உருளைப்புழு கம்சட்கா மீன்களிலும் இருந்தன. மீனின் ஊர் எதுவென்று அதன் உடலில் இருந்த புழு சொன்னது.

1960களில் உருவாக்கப்பட்ட குறியீட்டுக் கம்பி இம்முயற்சிகளுள் மிகவும் பரவலானது. சுமார் ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள காந்தக் கம்பித் துண்டு இளம் மீனின் மூக்குப் பகுதிக்குள் செலுத்தப்படும். அடையாளமாக அதன் முதுகின் பின்புறம் உள்ள கொழுப்புத் துடுப்பு வெட்டப்படும். இன்றும் பயன்பாட்டில் உள்ள இம்முறைக்கு இரண்டு குறைகள் உண்டு. கம்பியைப் படிக்க மீனைக் கொல்ல வேண்டும் என்பது ஒன்று. கம்பி செலுத்தப்படுபவை பெரும்பாலும் பொரிப்பக மீன்களே என்பது மற்றொன்று. ஆற்றில் இயல்பாகப் பிறந்த மீன்களைப் பற்றி அது நேரடியாக எதுவும் சொல்வதில்லை.

மரபியல் முறையின் வரலாறு

1970களின் பிற்பகுதியிலும் 1980களிலும் சியாட்டிலில் இருந்த அமெரிக்கக் கூட்டரசின் மீன்வள ஆய்வகத்தில் பிரெட் அட்டர், ஜார்ஜ் மில்னர் முதலியோர் புரத வேறுபாடுகளைக் கொண்டு கலப்பு மீன்பிடிப்பைப் பகுத்தாயும் முறையை உருவாக்கினர். மாவுக்கூழில் மின்சாரம் செலுத்திப் புரதங்களை நகரவிட்டுப் பிரிக்கும் எலெக்ட்ரோபோரெசிஸ் நுட்பம் இதற்குப் பயன்பட்டது. கொலம்பியா ஆற்றுச் சினூக் மீன்பிடிப்பில் எந்தக் கிளையாற்றின் மீன்கள் எவ்வளவு உள்ளன என்பதை இதன்மூலம் மதிப்பிட முடிந்தது. ஆனால் இதற்குத் தசை, கல்லீரல், இதயம், கண் ஆகிய உறுப்புகள் தேவைப்பட்டன. அவை உறைநிலையில் வைக்கப்பட வேண்டும். சந்தைக்குப் போகும் பெரிய மீனுக்கு இது தடையில்லை. அழிந்துவரும் கூட்டத்தின் குஞ்சு ஒன்றை, அது அக்கூட்டத்தைச் சேர்ந்ததா என்று அறிவதற்காகக் கொல்வது பொருளற்றது.

1980களில் வந்த பாலிமரேசு தொடர் வினை (பி.சி.ஆர்.) இந்நிலையை மாற்றியது. மிகச் சிறிதளவு டி.என்.ஏ.வையும் ஆய்வுக்குப் போதுமான அளவுக்குப் படியெடுக்கும் நுட்பம் இதுவாகும். வால் துடுப்பின் ஓரத்திலிருந்து வெட்டிய ஒரு சிறு துண்டு போதும் என்ற நிலை வந்தது. துண்டை எரிசாராயத்தில் இட்டோ தாளில் ஒற்றி உலர்த்தியோ சேமிக்கலாம். மீனை உயிருடன் நீரில் விட்டுவிடலாம். இளம் மீன்களின் ஆய்வு இதன் பின்னரே பெருமளவில் வளர்ந்தது எனலாம்.

1990களில் மைக்ரோசாட்டிலைட்கள் எனப்படும் டி.என்.ஏ. பகுதிகள் பயன்படத் தொடங்கின. இவற்றில் இரண்டு முதல் நான்கு எழுத்துகள் வரையுள்ள ஒரு குறுந்தொடர் திரும்பத் திரும்ப வரும். எத்தனை முறை வருகிறது என்பது மீனுக்கு மீன் வேறுபடுவதால் ஓர் இருக்கையிலேயே பல எதிருருக்கள் கிடைக்கும். ஆனால் ஒரே எதிருருவை இரு ஆய்வகங்கள் வெவ்வேறு அளவாகப் பதிவு செய்யும் சிக்கல் இருந்தது. அமெரிக்க, கனடிய ஆய்வகங்கள் இணைந்து 13 மைக்ரோசாட்டிலைட் இருக்கைகளை ஒரே அளவீட்டுக்குக் கொண்டுவந்து, சினூக் மீன்களுக்கான பொதுத் தரவுத்தளத்தை உருவாக்கி 2007இல் வெளியிட்டன. பிடிபடும் மீன் எல்லைகளை மதிப்பதில்லை என்பதால் இந்த ஒத்துழைப்பு இன்றியமையாததாக இருந்தது.

பின்னர் ஒற்றை நியூக்கிளியோட்டைடு பல்லுருவங்கள், சுருக்கமாக எஸ்.என்.பி.கள், அந்த இடத்தைப் பிடித்தன. டி.என்.ஏ.வின் ஒரே ஓர் எழுத்து மாறுபடும் இடங்கள் இவை. ஒவ்வொன்றும் தரும் தகவல் குறைவே எனினும், நூற்றுக்கணக்கானவற்றை ஒருசேரக் குறைந்த செலவில் படிக்கலாம். எந்த ஆய்வகத்தில் படித்தாலும் ஒரே விடை கிடைக்கும்.

செயல்முறை

முதலில் அடிப்படைத் தரவுத்தளம் தேவை. முட்டையிடும் இடங்களில், பிறப்பிடம் ஐயமின்றித் தெரிந்த மீன்களிலிருந்து மாதிரிகள் எடுக்கப்பட்டு, ஒவ்வொரு கூட்டத்திலும் ஒவ்வோர் எதிருருவும் எந்த விகிதத்தில் உள்ளது எனக் கணக்கிடப்படும். அதன்பின் பிறப்பிடம் தெரியாத மீனின் மரபணு வகை இத்தரவுடன் ஒப்பிடப்படும்.

எளிய எடுத்துக்காட்டு ஒன்றைக் கொள்ளலாம். ஓர் இருக்கையில் ஒரு குறிப்பிட்ட எதிருரு முதல் ஆற்றில் 0.8 என்ற விகிதத்திலும் இரண்டாம் ஆற்றில் 0.3 என்ற விகிதத்திலும் உள்ளது எனக் கொள்வோம். பிடிபட்ட மீனுக்குத் தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் அதே எதிருரு கிடைத்துள்ளது. இத்தகைய மீன் முதல் ஆற்றில் பிறக்கும் நிகழ்தகவு 0.8 × 0.8 = 0.64, இரண்டாம் ஆற்றில் 0.3 × 0.3 = 0.09. முதல் ஆறு ஏறக்குறைய 7 மடங்கு ஏற்புடையது. இரண்டாவது இருக்கையில் மீனுக்கு இரு வேறு எதிருருக்கள் உள்ளன. அவற்றுள் ஒன்றின் விகிதம் முதல் ஆற்றில் 0.6, இரண்டாம் ஆற்றில் 0.1 எனில், நிகழ்தகவுகள் முறையே 2 × 0.6 × 0.4 = 0.48, 2 × 0.1 × 0.9 = 0.18 ஆகும். இரண்டு இருக்கைகளையும் பெருக்கினால் முதல் ஆறு சுமார் 19 மடங்கு ஏற்புடையதாகிறது. இரண்டே இருக்கைகளில் இவ்வளவு தெளிவு கிடைக்குமானால், பல பத்து இருக்கைகளைப் பார்க்கும்போது ஐயம் மிகவும் குறைந்துவிடும். எனினும் உண்மையில் ஆறுகளுக்கிடையேயான வேறுபாடுகள் இந்த எடுத்துக்காட்டில் உள்ளதைவிடப் பெரும்பாலும் சிறியவை.

தனி மீனின் பிறப்பிடத்தை அறிவதும், ஒரு கலப்புக் கூட்டத்தில் ஒவ்வோர் ஆற்றின் பங்கு எவ்வளவு என அறிவதும் வெவ்வேறு கேள்விகள். பின்னதற்குப் பேயசியப் புள்ளியியல் முறைகள் பரவலாகப் பயன்படுகின்றன. தனி மீன்களின் விடை ஐயமாக இருக்கும்போதும் மொத்தப் பங்குகளின் மதிப்பீடு நம்பகமாக அமையலாம்.

சாக்ரமெண்டோ ஆற்றின் குளிர்கால வருகை மீன்கள்

கலிபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கில் சினூக் சால்மன்கள் நான்கு கூட்டங்களாக அறியப்படுகின்றன. வளர்ந்த மீன்கள் கடலிலிருந்து ஆற்றுக்குள் நுழையும் பருவத்தைக் கொண்டு இவை இலையுதிர்கால வருகை, பின் இலையுதிர்கால வருகை, குளிர்கால வருகை, இளவேனில் வருகை எனப் பெயர் பெற்றன. குளிர்கால வருகை மீன்கள் உலகில் வேறெங்கும் இல்லாதவை. இவை குளிர்காலத்தில் ஆற்றுக்குள் வந்து, கடும் வெயில் காலத்தில் முட்டையிடும். கோடையிலும் பனிநீர் ஊற்றுகளால் குளிர்ந்திருந்த மெக்கிளவுட் முதலிய மலை ஆறுகள் இருந்ததாலேயே இந்த வழக்கம் உருவாக முடிந்தது.

1945இல் கட்டி முடிக்கப்பட்ட ஷாஸ்டா அணை அந்த ஆறுகளுக்கான வழியை முற்றிலும் அடைத்தது. அதன்பின் அணைக்குக் கீழே, அணையின் ஆழத்திலிருந்து விடப்படும் குளிர்நீரை நம்பி ஒரே ஒரு கூட்டம் எஞ்சியது. 1960களின் இறுதியில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட மீன்கள் திரும்பி வந்த நிலை மாறி, 1990களின் தொடக்கத்தில் அந்த எண்ணிக்கை சுமார் 200 ஆகச் சரிந்தது. அமெரிக்காவின் அருகிவரும் இனங்கள் சட்டத்தின்கீழ் 1989இல் அவசர ஆணையின் வழியாக இக்கூட்டம் அச்சுறுத்தலுக்கு உள்ளானது எனவும், 1994இல் அழியும் நிலையில் உள்ளது எனவும் அறிவிக்கப்பட்டது.

கடலுக்குச் செல்லும் இளம் மீன்கள் சாக்ரமெண்டோ, சான் வாக்கீன் ஆறுகள் கூடும் டெல்டாவைக் கடக்க வேண்டும். அதன் தெற்கு ஓரத்தில் மாநில அரசுக்கும் கூட்டரசுக்கும் உரிய இரண்டு பெரும் நீரேற்று நிலையங்கள் உள்ளன. 2.5 கோடிக்கும் மேற்பட்ட மக்களுக்குக் குடிநீரும் பரந்த வேளாண் நிலங்களுக்குப் பாசன நீரும் செல்லும் அமைப்பின் மையம் இதுவாகும். நீரோடு இழுக்கப்படும் மீன்கள் சட்ட வரிசைகளால் ஒதுக்கப்பட்டு, தொட்டிகளில் சேர்க்கப்பட்டு, சரக்குந்துகளில் ஏற்றி டெல்டாவின் மேற்குப் பகுதியில் விடப்படுகின்றன. பிழைப்பவை பல, வழியிலேயே மற்ற மீன்களுக்கு இரையாகுபவையும் பல. இழக்கப்படும் குளிர்கால வருகை மீன்களின் எண்ணிக்கை வரம்பை நெருங்கினால் நீரேற்றத்தைக் குறைக்க வேண்டும் என்பது விதி. எனவே தொட்டியில் கிடக்கும் பத்து சென்டிமீட்டர் மீன் ஒன்று எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது என்ற கேள்விக்கு உழவர்களும் மீனவர்களும் நகரங்களும் விடை எதிர்பார்த்து நிற்கும் நிலை உருவானது.

இதற்கு முதலில் பயன்பட்டது நீள அட்டவணையே. பிராங்க் பிஷர் என்ற மீன்வளவியலாளர் 1992இல் உருவாக்கிய இவ்வட்டவணை, ஒவ்வொரு நாளிலும் எந்த நீளமுள்ள மீன் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததாக இருக்கும் எனச் சொல்கிறது. இதன் அடிப்படை எளியது. நான்கு கூட்டங்களும் வெவ்வேறு மாதங்களில் முட்டையிடுவதால் அவற்றின் குஞ்சுகள் வெவ்வேறு வயதுடையவை. கோடையில் பிறந்த குளிர்கால வருகைக் குஞ்சு, சனவரி மாதத்தில் அப்போதுதான் கற்களுக்கிடையிலிருந்து வெளிவந்த இலையுதிர்கால வருகைக் குஞ்சைவிடப் பெரியதாக இருக்க வேண்டும். அளவுகோல் ஒன்றே போதும், விடை உடனே கிடைக்கும், செலவு இல்லை. ஆயினும் மீன் வளரும் வேகம் எங்கும் ஒரே அளவில் இருப்பதில்லை. வெள்ளக்காலத்தில் யோலோ வடிநிலம் போன்ற தாழ்ந்த நிலங்களில் புகும் குஞ்சுகள், வெதுவெதுப்பான ஆழமற்ற நீரில் இரை மிகுந்திருப்பதால், ஆற்றின் முதன்மைப் போக்கில் உள்ளவற்றைவிட விரைவாக வளர்கின்றன. அட்டவணை அவற்றைத் தவறான கூட்டத்தில் சேர்த்துவிடும்.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் போடேகா கடல்சார் ஆய்வகத்தில் டென்னிஸ் ஹெட்ஜ்காக், மைக்கேல் பேங்க்ஸ் ஆகியோர் 1990களில் மைக்ரோசாட்டிலைட்களைக் கொண்டு இக்கூட்டங்களை ஆராய்ந்தனர். குளிர்கால வருகை மீன்கள் மற்ற மூன்றிலிருந்தும் மிகத் தெளிவாகப் பிரிந்திருப்பதை 2000ஆம் ஆண்டில் வெளியான அவர்களது ஆய்வு காட்டியது. இதில் ஒரு முரண் உண்டு. மிகச் சில மீன்களாகக் குறுகியதால் மரபணு வளம் இழந்ததும் இக்கூட்டம் இவ்வளவு எளிதாக அடையாளம் காணப்படுவதற்கு ஒரு காரணமாகும்.

நீரேற்று நிலையங்களில் சேகரித்த துடுப்புத் துண்டுகளை ஆராய்ந்தபோது, நீளத்தால் குளிர்கால வருகை எனக் கணக்கிடப்பட்ட மீன்களில் கணிசமான பங்கு வேறு கூட்டங்களைச் சேர்ந்தது எனத் தெரிந்தது. மறுபுறம், மரபியல்படி குளிர்கால வருகையைச் சேர்ந்தவற்றுள் பெரும்பாலானவை அட்டவணையின் எல்லைக்குள்ளேயே இருந்தன. அதாவது அட்டவணை உண்மையான மீன்களைத் தவறவிடுவதைவிட, அயல் மீன்களை உள்ளே சேர்ப்பதே அதிகம். இளவேனில் வருகை மீன்களைப் பொறுத்தவரை அது மேலும் மோசமாகத் தவறியது. அவை இலையுதிர்கால வருகை மீன்களுடன் அளவில் பெரிதும் ஒத்திருப்பதே காரணம். இதன் விளைவாக, வரம்பை நெருங்கும் நேரங்களில் துடுப்புத் துண்டுகளை ஆய்வகத்துக்கு அனுப்பி நீளம் சொன்னதைச் சரிபார்க்கும் வழக்கம் ஏற்பட்டது. எனினும் மரபியல் முடிவு வருவதற்குள் நாட்கள் கடந்துவிடும் என்பதால் நீள அட்டவணை முற்றிலும் கைவிடப்படவில்லை.

மரபியல் ஆய்வு பொரிப்பகத்திலும் ஒரு பெரும் தவற்றை வெளிப்படுத்தியது. குளிர்கால வருகை மீன்களைக் காப்பாற்றுவதற்காக 1980களின் இறுதியில் தொடங்கிய வளர்ப்புத் திட்டத்தில், தோற்றத்தையும் வந்த நாளையும் கொண்டு பெற்றோர் மீன்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. அவற்றுள் சில இளவேனில் வருகை மீன்கள் என்பதும், கலப்பினக் குஞ்சுகள் உருவாகியிருந்தன என்பதும் 1990களின் நடுப்பகுதியில் தெரியவந்தன. மேலும், பொரிப்பகம் பேட்டில் கிரீக் என்ற கிளையாற்றின் மீது இருந்ததால், அங்கு வளர்ந்த மீன்கள் சாக்ரமெண்டோவுக்குச் செல்லாமல் அக்கிளையாற்றுக்கே திரும்பின. திட்டம் நிறுத்தப்பட்டு, ஷாஸ்டா அணையின் அடியில் லிவிங்ஸ்டன் ஸ்டோன் என்பவரின் பெயரில் புதிய பொரிப்பகம் 1990களின் பிற்பகுதியில் அமைக்கப்பட்டது. அதன்பின் மரபியல் சோதனையில் உறுதியான மீன்களே பெற்றோராக ஏற்கப்படுகின்றன.

2014, 2015 ஆகிய ஆண்டுகளின் வறட்சியில் அணையின் குளிர்நீர் தீர்ந்து ஆறு வெப்பமடைந்ததால், இயல்பாக இடப்பட்ட முட்டைகளிலிருந்து சுமார் 5 விழுக்காடே குஞ்சுகளாகப் பிழைத்தன. இவ்வளவு குறைந்த எண்ணிக்கையில், பிடிபடும் ஒவ்வொரு மீனையும் சரியாக அடையாளம் காண்பது மேலும் முக்கியமாகிறது. 2022இல் வின்னமெம் விண்டு பழங்குடியினரின் ஒத்துழைப்புடன், எண்பது ஆண்டுகளாக இம்மீன்கள் இல்லாதிருந்த மெக்கிளவுட் ஆற்றுக்கு முட்டைகள் மீண்டும் கொண்டுசெல்லப்பட்டன.

இலையுதிர்கால வருகை மீன்களின் நிலை

குளிர்கால வருகையில் வெற்றி பெற்ற அதே முறை, அதே பள்ளத்தாக்கின் இலையுதிர்கால வருகை மீன்களில் பெரும்பாலும் பயன்படுவதில்லை. ஃபெதர், அமெரிக்கன், மோக்கலம்னி முதலிய ஆறுகளில் உள்ள இம்மீன்களின் மரபணு அமைப்பு ஏறக்குறைய ஒன்றாகவே உள்ளது. பொரிப்பகங்கள் பல்லாண்டுகளாக முட்டைகளைத் தமக்குள் பரிமாறிக்கொண்டன. மேலும், டெல்டாவின் ஆபத்துகளைத் தவிர்ப்பதற்காக இளம் மீன்கள் சரக்குந்துகளில் ஏற்றி நேரே விரிகுடாவில் விடப்பட்டன. தாயகம் திரும்பும் வழியை ஆற்றில் நீந்திக் கற்காத மீன்கள் திரும்பி வரும்போது கண்ட ஆறுகளில் புகுந்தன. மீன்களைக் காக்கச் செய்த இந்த ஏற்பாடு ஆறுகளுக்கிடையே இருந்த மரபணு வேறுபாட்டை அழித்துவிட்டது.

இப்பள்ளத்தாக்கின் பொரிப்பகங்கள் ஆண்டுக்கு 3 கோடி அளவில் இலையுதிர்கால வருகைக் குஞ்சுகளை விடுகின்றன. 2007 முதல் இவற்றில் நான்கில் ஒரு பங்குக்கு மட்டும் கொழுப்புத் துடுப்பு வெட்டிக் கம்பி செலுத்தப்பட்டு வந்தது. எனவே துடுப்பு முழுமையாக உள்ள மீன் என்பதாலேயே அது ஆற்றில் இயல்பாகப் பிறந்தது எனக் கொள்ள முடியாது.

பெற்றோர்வழி அடையாளமிடல்

மேற்கண்ட சிக்கலுக்கு ஒரு தீர்வாக எரிக் ஆண்டர்சன், கார்லோஸ் கார்சா ஆகிய அறிஞர்கள் 2006இல் ஒரு முறையை முன்வைத்தனர். பொரிப்பகத்தில் இனப்பெருக்கத்துக்குப் பயன்படும் எல்லாப் பெற்றோர் மீன்களின் மரபணு வகையையும் பதிவு செய்துவிட்டால், பின்னர் எங்கே எந்தக் குஞ்சு பிடிபட்டாலும் அதன் தாயையும் தந்தையையும் கண்டறியலாம். பெற்றோர் தெரிந்தால் பிறந்த பொரிப்பகமும் பிறந்த ஆண்டும் தெரிந்துவிடும். ஒரு பெண் சினூக் மீன் ஆயிரக்கணக்கான முட்டைகளை இடுவதால், சில ஆயிரம் பெற்றோரைப் பதிவு செய்வதே பல இலட்சம் குஞ்சுகளுக்கு அடையாளமிட்டதற்கு ஒப்பாகும். குஞ்சுகளைத் தொடவே வேண்டியதில்லை. கூட்டங்களுக்கிடையே மரபணு வேறுபாடு இல்லாவிட்டாலும் இம்முறை செயல்படும் என்பது இதன் சிறப்பு. ஐடஹோ மாநிலத்தின் ஸ்நேக் ஆற்று வடிநிலப் பொரிப்பகங்களில் 2008 முதல் இது பேரளவில் நடைமுறைப்படுத்தப்பட்டது.

கடலில் இளம் மீன்கள்

இளம் சால்மன்கள் கடலை அடைந்தபின் எங்கே செல்கின்றன என்பது நெடுங்காலம் அறியப்படாதிருந்தது. கனடாவின் பசிபிக் கரையோரமாக இழுவலைகளில் பிடிக்கப்பட்ட இளம் சினூக் மீன்களை ஸ்ட்ராஹன் டக்கர், மார்க் ட்ரூடெல், டெர்ரி பீச்சம் முதலியோர் மரபியல்வழி ஆராய்ந்து 2011இல் முடிவுகளை வெளியிட்டனர். கொலம்பியா ஆற்றின் இளவேனில் வருகை மீன்கள் கடலை அடைந்த முதல் கோடையிலேயே விரைந்து வடக்கே அலாஸ்கா வரை சென்றன. வேறு பல ஆறுகளின் மீன்கள் கடலில் இரண்டாம் ஆண்டு வரை தம் ஆற்றின் வாயிலிருந்து 100 முதல் 200 கிலோமீட்டர் தொலைவுக்குள்ளேயே தங்கின. ஒரே கடலில், ஒரே அளவில், ஒரே வலையில் பிடிபட்ட மீன்கள் வெவ்வேறு பயணத் திட்டங்களோடு இருந்தன என்பது இதனால் தெரிந்தது.

பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஃபிரேசர் ஆற்றுச் சாக்கை சால்மன்களில் இதன் முக்கியத்துவம் வெளிப்பட்டது. 2009இல் ஒரு கோடிக்கும் மேற்பட்ட மீன்கள் திரும்பும் என எதிர்பார்க்கப்பட்ட நிலையில் சுமார் 15 இலட்சமே வந்தன. காரணம் அறியக் கனடிய அரசு நீதிபதி புரூஸ் கோஹன் தலைமையில் விசாரணை ஆணையம் அமைத்தது. ஆச்சரியமாக, மறு ஆண்டே மூன்று கோடிக்குச் சற்றுக் குறைவான மீன்கள் வந்தன. இந்த ஏற்ற இறக்கத்தின் நடுவே, ஹாரிசன் என்ற கிளையாற்றின் சாக்கை மட்டும் மற்றவற்றிலிருந்து மாறுபட்டு நல்ல நிலையில் இருந்தது. மரபியல் ஆய்வுகளின்படி, பெரும்பாலான ஃபிரேசர் சாக்கை மீன்கள் ஓராண்டு ஏரியில் வளர்ந்து கடலுக்கு வந்து, ஜார்ஜியா நீரிணையைச் சில வாரங்களில் கடந்து வடக்கே செல்கின்றன. ஹாரிசன் மீன்களோ பிறந்த ஆண்டிலேயே கடலுக்கு வந்து, அந்நீரிணையில் இலையுதிர்காலம் வரை தங்குகின்றன. அவற்றுள் சில தெற்கே ஹுவான் டி ஃபூகா நீரிணை வழியாக வெளியேறுகின்றன. இழப்பு எங்கே, எப்போது நிகழ்ந்தது என்ற விவாதத்தில் இவ்வேறுபாடு ஒரு முக்கியச் சான்றாக அமைந்தது.

அத்திலாந்திக் சால்மன்களுக்கு இத்தகைய ஆய்வு, ஐரோப்பிய நாடுகள் இணைந்து 2008 முதல் 2011 வரை நடத்திய சால்சீ-மெர்ஜ் திட்டத்தில் மேற்கொள்ளப்பட்டது. நார்வேக் கடலில் பிடித்த இளம் மீன்கள் அவற்றின் தாயக நாடுகளுக்கும் வட்டாரங்களுக்கும் உரியனவாகப் பிரித்தறியப்பட்டன.

வரம்புகள்

தரவுத்தளத்தில் இல்லாத ஓர் ஆற்றின் மீன் பிடிபட்டால், கணக்கீடு அதனை இருப்பவற்றுள் மிக ஒத்த ஆற்றில் சேர்த்துவிடும். நிகழ்தகவு மிக உயர்வாகக் காட்டப்பட்டாலும் விடை தவறாக இருக்கும். எனவே தரவுத்தளம் எவ்வளவு முழுமையானது என்பதைப் பொறுத்தே முடிவின் மதிப்பு அமையும். அரிய கூட்டங்களில் மற்றொரு சிக்கல் உண்டு. ஆயிரம் மீன்களில் ஐந்து மட்டுமே அரிய கூட்டத்தைச் சேர்ந்தவை எனில், நூற்றில் ஒரு மீனைத் தவறாக வகைப்படுத்தும் முறை கூட ஏறக்குறைய பத்துப் பொய்யான மீன்களைச் சேர்த்துவிடும்; உண்மையான மீன்களைவிடப் பொய்யானவை இரு மடங்காகும்.

மேலும், டி.என்.ஏ. பிறப்பிடத்தைச் சொல்லுமே தவிர வளர்ந்த இடத்தைச் சொல்லாது. அதற்குச் செவிக்கல் உதவுகிறது. மீனின் உட்செவியில் நாள்தோறும் படிந்து வளரும் இக்கல்லில், அந்தந்தக் காலத்தில் மீன் வாழ்ந்த நீரின் ஸ்ட்ரான்சியம் ஐசோடோப்பு விகிதம் பதிவாகியிருக்கும். மரபியல்வழி உறுதி செய்யப்பட்ட குளிர்கால வருகை மீன்களின் செவிக்கற்களை ஆராய்ந்து 2018இல் வெளியான ஆய்வு ஒன்று, உயிர்பிழைத்துத் திரும்பிய மீன்களில் ஏறக்குறைய பாதி அல்லது அதற்கு மேற்பட்டவை இளமையில் சாக்ரமெண்டோவின் முதன்மைப் போக்கை விட்டு வேறு கிளையாறுகளிலும் டெல்டாவிலும் வளர்ந்தவை எனக் காட்டியது. அதுவரை பாதுகாப்புத் திட்டங்கள் அவ்விடங்களைப் பெரிதாகக் கருதவில்லை. ஆனால் செவிக்கல்லை எடுக்க மீன் இறந்திருக்க வேண்டும்.

அண்மைய வளர்ச்சிகள்

ஒரே ஆற்றில் இளவேனிலில் வரும் சினூக் மீன்களும் இலையுதிர்காலத்தில் வரும் சினூக் மீன்களும் மொத்த மரபணுத் தொகுதியில் மிக நெருங்கியவையாகப் பல ஆறுகளில் காணப்பட்டன. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த மைக்கேல் மில்லரின் குழு, அவற்றின் வருகைப் பருவம் கிரெப்1எல் என்ற மரபணுவை ஒட்டிய ஒரு சிறு பகுதியுடன் வலுவாகத் தொடர்புடையது என 2017இல் வெளியிட்டது. இதனால், நடுநிலையான இருக்கைகளைக் கொண்டு பிரிக்க முடியாத இளம் மீன்களையும் அவை எப்பருவத்தில் திரும்பக்கூடியவை எனப் பிரிக்க வழி பிறந்தது. அதே வேளையில், ஒரே ஒரு மரபணுப் பகுதியின் அடிப்படையில் இளவேனில் வருகை மீன்களைத் தனிக் கூட்டமாகக் கொண்டு சட்டப் பாதுகாப்பு அளிப்பது சரியா என்ற விவாதமும் எழுந்தது.

காலத் தாமதத்தைக் குறைக்கும் முயற்சிகளும் நடைபெறுகின்றன. ஷெர்லாக் எனப் பெயரிடப்பட்ட கிரிஸ்பர் வகை நுட்பம் 2017இல் மருத்துவச் சோதனைகளுக்காக அறிவிக்கப்பட்டது. மெலிண்டா பேர்வால்டும் உடனாய்வாளர்களும் இதனை டெல்டாவில் வாழும் டெல்டா ஸ்மெல்ட் என்ற சிறு மீனை அடையாளம் காணப் பயன்படுத்தி 2020இல் வெளியிட்டனர். பின்னர் இது சினூக் கூட்டங்களைப் பிரித்தறியவும் தகவமைக்கப்பட்டது. துடுப்பை வெட்டாமல், மீனின் உடல்மீதுள்ள வழுவழுப்பை ஒரு பஞ்சுக் குச்சியால் ஒற்றி எடுத்து, ஆய்வகத்துக்கு அனுப்பாமல் அங்கேயே ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் விடை பெறலாம். தொட்டியில் உள்ள மீன் சரக்குந்தில் ஏறுவதற்கு முன்பே அது எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது என அறிய இது வழி தருகிறது.